கடை அட்டைகளுக்கும் ஓர் அலுமாரி வேண்டும்

மட்டக்களப்பில் கடை திறக்கிறவர்கள் இன்றைக்கும் கதவிலக்கத்தை நம்புவதில்லை. அட்டை அடிக்கும்போது இலக்கத்தையும் வீதியின் பெயரையும் போடுவார்கள். ஆளைக் கொண்டுவந்து கடை வாசலில் சேர்ப்பது அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் வரும் வரிதான்: மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகில், காந்தி பூங்காவுக்கு முன்னால், கல்லடிப் பாலத்துக்கு இப்பால். பாலத்தின் எந்தக் கரையில் நிற்பவருக்கு எது இப்பால் என்று எவரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் விளங்கும்.

லண்டன்காரர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அங்கே கட்டடங்களுக்கு இலக்கம் கிடையாது. கடைக்கு வெளியே ஒரு படப்பலகை தொங்கும். சூரியன், பொன்னிற மீன், பலசரக்குக் கடையென்றால் மூன்று சீனிக்கூம்பு. கடைக்காரர் அச்சடித்துக் கொடுக்கும் தாளிலும் அதே படம் இருக்கும், கூடவே இன்ன தேவாலயத்துக்குப் பக்கம், இன்ன சந்திக்கு எதிரே என்று ஒரு வழிக்குறிப்பும். வாங்கிய சாமானின் கணக்கை அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுப்பார்கள். 1760களில்தான் பலகைகளைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்து, இலக்கம் போடத் தொடங்கினார்கள். வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் 1720இல் தொழில் தொடங்கியபோது தனக்குத் தானே செதுக்கிக்கொண்ட அட்டை இன்றும் இருக்கிறது.

இன்றும் இருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. முந்நூறு வருடத்துக்கு முந்திய லண்டன் கடைக்காரனின் துண்டுக் கடதாசியைப் பார்க்கலாம். நாற்பது வருடத்துக்கு முன் இந்த ஊரில் நானே கோர்த்து அடித்த அட்டையைப் பார்க்க எங்கே போவது? நான் கேட்டுப் பார்த்த இடங்களில் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் மரியாதையாக, "அதெல்லாம் குப்பைதானே அக்கா" என்றார்.

நான் அச்சுக்கோர்ப்பவளாக இருந்தவள். எழுபதுகளின் நடுப்பகுதியில், பள்ளிக்கூடம் முடித்த கையோடு, கோட்டைமுனையில் ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்தேன். காலால் மிதிக்கும் ட்ரெடில் மெஷின் ஒன்று, எழுத்துப் பெட்டிகள், கடதாசி வெட்டும் கத்தி, முதலாளியின் மேசை. இவ்வளவுதான் அச்சகம். கும்பாபிஷேக மலரும் கல்யாணக் காட்டும் அந்தரமான வேலைகள். மிச்ச நாட்களில் எங்களுக்குச் சோறு போட்டவை பில் புத்தகமும் கடை அட்டையும்தான்.

புத்தகப் பக்கம் கோர்ப்பதற்குப் பொறுமை இருந்தால் போதும். கடை அட்டைக்குப் புத்தி வேண்டும். உள்ளங்கை அளவு இடத்தில் கடைக்காரரின் முழு வாழ்க்கையும் ஏற வேண்டும். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவர் வந்தார். கோயில் திருவிழா, கல்யாணம், சாமத்தியச் சடங்கு, கூத்து அரங்கேற்றம், பிரசாரக் கூட்டம், மரண அறிவித்தல் என்று சொல்லிக்கொண்டே போனார். அதோடு ஜெனரேட்டர், ரியூப் லைற், வாழைமரம் கட்டுவது.

"இடம் இல்ல அண்ணன்."

"எழுத்தச் சின்னனாக்கு கா."

"இதுக்குக் கீழ சின்ன எழுத்து எங்களிட்ட இல்ல."

"அப்ப மரண அறிவித்தல எடு. மத்ததெல்லாம் நல்ல காரியம்தானே."

ஆங்கிலத்தில் கோர்க்கிறவனுக்குப் பெரிய எழுத்து, சாய்ந்த எழுத்து என்று பல வசதி. எங்களுக்கு எழுத்தின் அளவும், சுற்றிவரப் போடும் போர்டரும், விரல் நீட்டிக் காட்டும் ஒரு கைப்படமும்தான். அந்தக் கையை எந்த வரிக்கு முன்னால் வைப்பது என்பதில்தான் அச்சுக்கோர்ப்பவரின் கெட்டித்தனம். விலைக்கு முன்னால் வைத்தால் கடை மலிவு என்று நினைப்பார்கள், பெயருக்கு முன்னால் வைத்தால் முதலாளி சந்தோஷப்படுவார். இரண்டு நிறம் கேட்டால் மெஷினில் இரண்டு தரம் ஓட வேண்டும். சிவப்பு காய்ந்த பிறகு நீலம். அட்டை ஒவ்வொன்றாகக் கையால் வைத்துக் கையால் எடுப்பது. கல்யாணக் காட்டுக்கு வெட்டிய ஐவரி போட்டில் மிஞ்சும் கீலங்களைத்தான் அநேகமாக விசிற்றிங் காட்டுக்குப் பயன்படுத்துவோம். அதனால் ஊரில் ஒரு பெரிய கல்யாணம் நடந்தால் அடுத்த வாரம் சைக்கிள் கடைக்காரருக்கு நல்ல வழுவழுப்பான அட்டை கிடைக்கும்.

அந்த வேலையைச் செய்தவள் என்பதால் சொல்கிறேன், இரண்டு நிறம் ஒன்றின்மேல் ஒன்று விலகாமல் விழுவது லேசான வேலை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல் வைத்து, ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அடித்து, வண்ண அட்டைகள் செய்தார்கள். சவர்க்காரம், நூல், மருந்து, மாட்டிறைச்சிச் சாறு என்று எதற்கும் அட்டை. கடையில் சும்மா கொடுப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் சேர்த்து அல்பங்களில் ஒட்டினார்கள். தபால் கட்டணம் குறைந்து, படம் போட்ட சஞ்சிகைகள் வீடு வீடாக வரத் தொடங்கிய பிறகு விளம்பரம் அங்கே போய்விட்டது, அட்டைகளின் மோகம் அடங்கியது. ஆனால் அல்பங்கள் பரணில் கிடந்தன. அதனால்தான் அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. தபால்தலை சேர்ப்பதுபோல வீட்டுப் பெண்கள் விளையாட்டாகச் செய்த வேலை ஒரு நாட்டின் வணிக வரலாற்றைக் காப்பாற்றியது.

அந்த அட்டைகளில் நாங்களும் இருக்கிறோம். 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் சிங்கர் தையல் மெஷின் கம்பனி நாட்டுக்கு ஒன்றாக வண்ண அட்டைகளை வந்தவர்களுக்குக் கொடுத்தது. 1892 என்று பதிப்புரிமை ஆண்டு போட்டிருக்கும். அந்தந்த நாட்டு உடையில் ஆட்கள், நடுவில் சிங்கர் மெஷின், பின்பக்கத்தில் அந்த நாட்டைப் பற்றி நாலு வரி. சிலோனுக்கும் ஒன்று உண்டு. என் பேத்தி கணினியில் தேடி எடுத்துக் காட்டினாள். சிங்கர் கொழும்பில் கால் வைத்தது 1877இல். ஆகவே அட்டை அடித்தபோது மெஷின் இங்கே விலைப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த அட்டை இங்கே மெஷின் வாங்குகிறவருக்காக அடித்தது இல்லை. உலகம் முழுவதும் இந்த மெஷினில்தான் தைக்கிறது என்று அமெரிக்கனுக்குக் காட்ட அடித்தது. தேயிலை வியாபாரி லிப்டன் 1890இல் மலையகத்தில் தோட்டங்களை வாங்கிய பிறகு அவருடைய விளம்பரங்களில் கொழுந்து பறிக்கும் பெண் வந்ததும் இதே கணக்குத்தான். படத்தில் நாங்கள், கையில் வாங்கிப் பார்ப்பது வேறு யாரோ.

எங்கள் வாவிக் கரையில் சிங்கர் மெஷின் வேறு வழியாக வந்து சேர்ந்தது. தவணைக்கு வாங்கலாம் என்பதுதான் அதன் பெரிய விளம்பரம். அந்த முறையைச் சிங்கர் 1850களிலேயே தொடங்கிவிட்டது. இங்கே சீதன வீட்டோடு பெண் பிள்ளைக்குக் கால் மெஷின் ஒன்றும் போனால் அந்த வீட்டுக்குத் தனி மதிப்பு. மெஷின் பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. மாதாமாதம் காசு கட்டிக் கையெழுத்து வாங்கிய தவணை அட்டை எத்தனை வீட்டில் இருக்கிறது? அந்த அட்டை இருந்தால் ஆரையம்பதியிலோ களுவாஞ்சிக்குடியிலோ ஒரு தையல்காரப் பெண் எந்த மாதம் காசு கட்ட முடியாமல் தவித்தாள், அறுவடைக்குப் பிறகு இரண்டு மாதக் காசைச் சேர்த்துக் கட்டினாளா என்று பார்க்கலாம். அந்தக் கணக்கு வேறெங்கும் எழுதப்படவில்லை.

வண்ணப் படத்துக்கு எங்கள் கடைக்காரர்கள் அட்டையை நம்பவில்லை, கலண்டரை நம்பினார்கள். அதற்குக் காரணம் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைப் பழகிக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு மெஷின் வேண்டும். மெஷின் வந்த பிறகு அதைச் சும்மா வைத்திருக்க முடியாது. இப்படித்தான் தீப்பெட்டி ஊர் கலண்டர் ஊருமானது. பக்கத்தில் கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் இலட்சுமியும் அந்த மெஷின்கள் வழியாக உலகத்துத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் போனார்கள்.

எங்கள் அச்சகத்துக்கு அந்தப் படங்கள் கட்டுக்கட்டாக வரும். கீழே ஒரு கையகலம் வெற்றாக விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் கடைப் பெயரை நாங்கள் அடிப்போம். ஒரே முருகன், கீழே ஒரு வருடம் அரிசி ஆலை, மறு வருடம் நகைக்கடை. முஸ்லிம் கடைகளுக்குக் கஃபாவின் படம், தொழுகை நேரம். காலையில் ஒன்று, பின்னேரம் மற்றது, ஒரே மெஷினில், அதே மையில். மார்கழி மாதம் வந்தால் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போக முடியாது. 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதியைக் கட்டுப்படுத்திய அரசாங்கம் இருந்தபோது சிவகாசிப் படம் கிடைப்பது அருமை. கிடைத்ததை முதலாளி பூட்டி வைப்பார். கடதாசிக்கு வாழைச்சேனை ஆலைதான் கதி. 1956இல் தொடங்கிய அந்த ஆலை வைக்கோலையும் இலுக்குப் புல்லையும் கொண்டு கடதாசி செய்தது. எங்கள் வயல் வைக்கோல் வாவிக்கு வடக்கே போய்க் கடதாசியாகத் திரும்பி வந்து எங்கள் ஊர்க் கடைக்குப் பில் புத்தகமாகும். கொஞ்சம் மஞ்சள் நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் நார் தெரியும். அன்றைக்குக் குறை சொன்னோம். இன்றைக்கு அந்த நாரைப் பார்த்தே ஒரு பில் எந்தக் காலம் என்று சொல்வேன்.

சரி, கலண்டருக்கு என்ன நடந்தது? வருடம் முடிந்ததும் சாமிப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினோம். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கீழ்ப்பகுதியை வெட்டினோம். அந்தக் கீழ்ப்பகுதியில்தான் கடை இருந்தது. சாமியை வைத்துக்கொண்டு கடையை எறிந்தோம்.

இப்படி எறிந்ததால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஓர் அட்டையை எப்படி வாசிப்பது என்று சொல்லவேண்டும். நான் இப்போதும் வீட்டில் கொஞ்சம் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் புரூவ் எடுத்துப் பார்த்துவிட்டு ஒதுக்கியவை, மை கூடியவை, எழுத்து சரிந்தவை. ஒன்றிலும் திகதி கிடையாது. கடை அட்டையில் வருடம் போடுகிற வழக்கம் இல்லை, நாளைக்கே கடை மூடுமென்று யாரும் அடிப்பதில்லையே. ஆனாலும் காலத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆங்கிலத்தில் சிலோன் என்று இருந்தால் 1972 மே மாதத்துக்கு முந்தியது, அல்லது பழைய அச்சுப் பிளொக்கைக் கைவிட மனம் வராத சிக்கனக்காரருடையது. தந்தி முகவரி என்று ஒற்றைச் சொல் இருந்தால் அவர் வெளியூரோடு வியாபாரம் செய்தவர், நெல்லோ கருவாடோ கொழும்புக்கு அனுப்பியவர். தொலைபேசி மூன்று நான்கு இலக்கத்தில் இருந்தால் பழையது, ஐந்து இலக்கம் என்றால் அதற்குப் பிந்தியது, 065க்குப் பிறகு ஏழு இலக்கம் என்றால் 2000க்கு இப்பால். கைத்தொலைபேசி இலக்கம் இருந்தால் அநேகமாக 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின். யார், இறாத்தல், அந்தர், கொத்து என்று அளவு சொன்னால் ஒரு காலம், மீற்றரும் கிலோவும் சொன்னால் இன்னொரு காலம்.

எழுத்தே ஒரு சாட்சி. லை, ளை, னை, ணை இவற்றுக்குத் தும்பிக்கை வைத்த பழைய உருவம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. எங்கள் பெட்டியில் இருந்த ஈயத்துக்கு அந்த உத்தரவு வந்து சேரவில்லை. தும்பிக்கை தேய்ந்து முறிந்த பிறகுதான் புதியது வாங்கினோம். அதனால் எண்பதுகளின் அட்டைகளில் ஒரே வரியில் தும்பிக்கை வைத்த லையும் வைக்காத லையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கணினியில் அடித்தவன் அந்தக் கலவையைச் செய்யமாட்டான். சிங்கள வரி இருந்தால் அது பிளொக். எங்களிடம் சிங்கள எழுத்து இல்லை, கொழும்பில் செய்து தபாலில் வரும். அந்த வரி மற்ற வரிகளைவிட ஒரு மயிரிழை உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும். எந்தக் கடைக்காரர் காசு செலவழித்து அந்தப் பிளொக்கைச் செய்வித்தார், எந்த வருடம் செய்வித்தார், எந்த வருடம் எடுத்துவிடச் சொன்னார் என்று பார்த்தால் நாட்டு அரசியலைக் கடைக்காரர் எப்படிக் கணித்தார் என்று தெரியும். பாராளுமன்ற உரைகளைவிட நம்பத்தக்க சாட்சி அது. சொந்தக் காசைப் போட்டவரின் கணிப்பல்லவா?

எங்கள் பிரதேசத்தின் வரலாறு எழுதப்படவில்லை என்று நான் சொல்லவில்லை. எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் எழுதினார். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வந்தது. பிறகு கூத்தைப் பற்றியும் குடிமுறையைப் பற்றியும் பேராசிரியர்கள் எழுதினார்கள். கோயிலுக்கு ஏடு இருக்கிறது, குடிக்குக் கல்வெட்டு இருக்கிறது, வயலுக்கு உறுதி இருக்கிறது. கடைக்குத்தான் ஒன்றும் இல்லை. 1924இல் கல்லடிப் பாலம் திறந்தபோது தோணித்துறைக்காரர்கள் என்ன ஆனார்கள், 1928இல் ரயில் வந்தபோது எந்த வியாபாரம் எழும்பியது, எது படுத்தது என்று எழுத ஆசைப்படும் பிள்ளைக்குக் கையில் எடுக்க என்ன இருக்கிறது?

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

என் பெட்டியில் உள்ள அட்டைகளில் கணிசமானவை முஸ்லிம்களின் ஊரான காத்தான்குடியின் புடவைக்கடைகளுடையவை. அந்தக் காக்காமார் தமிழர் நடத்திய எங்கள் அச்சகத்துக்கு வந்து அடித்தார்கள். ஒரு காக்கா கலண்டருக்கு வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு துண்டுச் சீத்தைத் துணி கொண்டுவருவார், புரூவில் பிழை கண்டால் அடுத்த வருடம் துணி இல்லை என்று பயமுறுத்துவார். அட்டையின் நடுவில் பெரிய எழுத்தில் கூறைச்சேலை என்று போடச் சொல்வார். கூறைச்சேலை வாங்குவது யார்? தமிழ்க் கல்யாண வீட்டுக்காரர். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கும் புடவை எடுக்க அங்கேதான் போனோம். ஏறாவூர்க் கடைக்காரருடைய அட்டையில் தைப்பொங்கல் வாழ்த்து இருக்கிறது. எங்கள் ஆட்களின் அரிசிக் கடை அட்டையில் நோன்புப் பெருநாள் வாழ்த்து இருக்கிறது.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும் அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டதும் இங்கே பிறந்த எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியவை இல்லை. அந்த வருடத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இரு பக்கத்திலும் கேட்டு வளர்ந்த கதை ஒன்றுதான். ஒருவருக்கொருவர் நாங்கள் எப்போதும் இப்படித்தான் இருந்தோம் என்று அவர்கள் நம்பினால் அதில் அவர்களுடைய பிழை இல்லை. அவர்களிடம் சமாதான உபதேசம் செய்வதைவிட இந்தக் கூறைச்சேலை அட்டையைக் கையில் கொடுப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். அன்புக்கு ஆதாரம் என்று அதைச் சொல்லமாட்டேன். வியாபாரம்தான், விலை பேசித்தான் வாங்கினோம், சில வேளை சண்டையும் பிடித்தோம். ஆனால் ஒருவர் கடைக்கு ஒருவர் போய் வந்தோம் என்பதற்கு அது சாட்சி. உபதேசத்தை மறுக்கலாம், அச்சடித்த அட்டையை மறுப்பது கஷ்டம்.

எப்படி அழிந்தன என்று கேட்டால் அதற்கு ஒரு காரணம் மட்டும் இல்லை. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் எங்கள் அச்சகத்தின் கூரை போனது. கடதாசிக் கட்டுகள் ஊறி ஒரே பாளமாயின. ஈய எழுத்தைக் கழுவி எடுத்தோம், மாதிரிக்கு வைத்திருந்த அட்டைப் புத்தகத்தைக் கழுவ முடியாதே. 2004 டிசம்பர் 26 காலையில் கல்லடி, நாவலடிப் பக்கத்தில் வீடுகளே இல்லாமல் போனபோது கடதாசியைப் பற்றி யார் கவலைப்பட்டது?

தண்ணீரைவிடப் பயம் கூடுதலாக அழித்தது. போர் நடந்த வருடங்களில் இராணுவச் சோதனைச் சாவடியில் பணப்பையைத் திறக்கச் சொல்வார்கள். உள்ளே ஓர் அட்டை இருந்தால் இது யார், உனக்கு என்ன உறவு, எப்போது கண்டாய் என்று கேள்வி. மறுபக்கத்திலும் கேட்க ஆட்கள் இருந்தார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போய் வருகிறவர்கள் வெளிக்கிட முன்னம் பணப்பையைச் சுத்தம் செய்து அடையாள அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு போகப் பழகினார்கள். கடைக்காரரும் அட்டை கொடுப்பதைக் குறைத்தார். வாங்குகிறவருக்கு ஏன் தொந்தரவு? அடியில் எங்கள் அச்சகத்தின் பெயரைச் சின்ன எழுத்தில் போடுவது வழக்கம். அந்த வருடங்களில் முதலாளி அதை எடுத்துவிடச் சொன்னார். ஆகவே அந்தக் காலத்து அட்டையில் யார் அடித்தது என்றும் தெரியாது.

அழிந்தவற்றைவிட்டு மிஞ்சியவற்றைப் பார்ப்போம். கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், விளையாட்டுக் கழக மலர், இவற்றின் கடைசிப் பக்கங்களில் ஊர்க் கடைகள் எல்லாம் வாழ்த்துத் தெரிவித்திருக்கும். அநேகமான கடைகளுக்கு மிஞ்சிய ஒரே அச்சுச் சுவடு அதுதான். மலரைப் பைண்ட் பண்ணக் கொடுக்கும்போது தடிப்பைக் குறைக்க அந்தப் பக்கங்களைக் கிழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிழிக்காதீர்கள். ஆசியுரைகளைக் கிழியுங்கள், ஒருவருக்கும் நட்டமில்லை. யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகம் நடத்திய க. கனகராசா, மில்க்வைற் செய்தி என்று ஓர் இதழையே நடத்தினார், பனம் விதை நடச்சொல்லிப் பிரசாரம் செய்தார். சவர்க்காரம் கரைந்துவிட்டது. அந்த இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் இருக்கின்றன, எந்த ஊரில் இருந்தும் வாசிக்கலாம். விளம்பரம் என்று ஒதுக்கியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

இன்றைய அட்டைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, வயதானவள் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கை குலுக்கும் இரண்டு வெள்ளைக்காரக் கைகள், பின்னால் ஏதோ நாட்டின் வானளாவிய கட்டடம், நடுவில் எங்கள் ஊர் வன்பொருள் கடை. தமிழ் பின்பக்கத்துக்குப் போய்விட்டது, சிலவற்றில் அங்கேயும் இல்லை. இப்போது அதுவும் குறைந்து, ஸ்கேன் பண்ணச் சொல்லி ஒரு புள்ளிக் கட்டம் மட்டும் வருகிறது. கடை மூடினால் அந்தக் கட்டம் எங்கேயும் கொண்டுபோகாது. மை காய்ந்த அட்டை கடை மூடிய பிறகும் பேசும். கட்டத்தைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் கடைப் பெயரையும், என்ன விற்கிறீர்கள் என்பதையும், எதற்கு அருகில் என்பதையும் தமிழில் போடுங்கள். முடிந்தால் ஒரு மூலையில் வருடத்தையும்.

சேர்ப்பது யார் என்ற கேள்விக்கு உலகத்தில் இரண்டு பேரைக் காட்டலாம். அம்புரோஸ் ஹீல் லண்டனில் தளபாடக் கடைக்காரர். பழைய கடை அட்டைகளைச் சேர்த்து 1925இல் அவற்றைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அவர் இறந்த பிறகு சேகரிப்பு பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போனது. ஜோன் ஜோன்சன் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் அச்சாளர். பஸ் டிக்கெட்டில் இருந்து சவர்க்கார உறை வரை மற்றவர் எறிந்ததையெல்லாம் எடுத்து வைத்தார். 1968இல் அந்தச் சேகரிப்பு போட்லியன் நூலகத்துக்கு மாறியது. ஒருவர் கடைக்காரர், மற்றவர் அச்சுத் தொழிலாளர்களோடு நின்றவர். எங்கள் ஊரில் இந்த இரண்டு இனத்துக்கும் பஞ்சமில்லை.

மட்டக்களப்பு பொது நூலகத்துக்கு இப்போது பெரிய புதிய கட்டடம் இருக்கிறது. அதில் ஓர் அலுமாரி கேட்கிறேன். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே வணிகம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒப்படை கொடுக்கிறார்கள். அமெரிக்கக் கம்பனிகளின் விளம்பரத்தைப் பற்றி எழுதுவதற்குப் பதில் ஒரு வருடமாவது தங்கள் ஊர்ப் பழைய கடைகளின் அட்டை, பில், கலண்டர், தவணைப் புத்தகம் இவற்றைத் தேடிக் கொண்டுவரச் சொல்லலாம். கொண்டுவரும் பிள்ளை பென்சிலால் பின்பக்கத்தில் எழுதவேண்டும்: யார் வீட்டில் கிடைத்தது, கடை எங்கே இருந்தது, எப்போது மூடியது. பேனாவால் எழுதக்கூடாது. லமினேட் பண்ணக்கூடாது, செலோரேப் ஒட்டக்கூடாது. ஒட்டியவை பத்து வருடத்தில் தேன் நிறமாகி எழுத்தைத் தின்றுவிடும். தனிப்பட்ட தொலைபேசி இலக்கங்களைப் பகிரங்கப்படுத்துவதா என்று சிலர் கேட்பார்கள், நியாயமான கேள்வி. நடக்கும் கடைகளின் அட்டைகளைச் சேர்த்து மூடி வையுங்கள், காலம் போனபின் திறக்கலாம். மூடிய கடைகளின் ஐந்து இலக்கத் தொலைபேசிக்கு இப்போது யார் எடுக்கப் போகிறார்கள்?

என் பங்குக்கு ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருக்கிறது. நூலகம் கடிதம் ஒன்று அனுப்பினால் நானே கொண்டுவந்து தருகிறேன். கூறைச்சேலை அட்டை மேலே இருக்கும். ஒரு நிபந்தனை, எத்தனை அட்டை வாங்கினார்கள் என்று எண்ணி, திகதி போட்டு, முத்திரை குத்திப் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். அதுவும் கடதாசியில்.